இங்கிலீஷ் கற்பிக்கும் கைகளுக்குக் கூலி எங்கே?

மில்லில் நூல் நூற்பவர் தொழிலாளி. வயலில் நாற்று நடுபவர் தொழிலாளி. ஏரியில் வலை இழுப்பவர் தொழிலாளி. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் காலை முதல் மாலை வரை பிள்ளைகள் நடுவே நின்றபடி, தொண்டை வறள இங்கிலீஷ் கற்பிக்கும் தனியார் பள்ளி ஆசிரியை தொழிலாளியா, இல்லையா?

“இல்லை” என்கிறது உச்ச நீதிமன்றம். “இல்லவே இல்லை” என்கிறார் பள்ளி முதலாளி. கொடுமை என்னவென்றால், அந்த ஆசிரியையே கூடச் சில சமயம், “நான் தொழிலாளி இல்லை, டீச்சர்” என்று சொல்லிவிடுகிறார்.

இந்த ஒரு சொல்லுக்குள்தான் மோசடி முழுவதும் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே இழுத்துப் போடுவதே நமது நோக்கம். இது படித்தவர்களின் விவகாரம், நமக்கென்ன என்று மில் தொழிலாளியோ விவசாயக் கூலியோ ஒதுங்கிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் பணம் கட்டுகிறவர் நீங்கள். அங்கே வேலை செய்கிறவர் உங்கள் மகள். இருவரும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் ஏமாற்றப்படுகிறீர்கள்.

ஏரிக்கரையின் கதை

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இந்த ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம்மிடம். 1613ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். நெசவாளியின் துணியைக் கப்பலேற்றினார்கள். பஞ்சத்தில் அடிபட்ட மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். உழைப்பவனை விலைக்கு வாங்கும் வியாபாரத்தை அன்றே கண்ட கரை இது.

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று வரிசையாக நிற்கும் மீனவக் குப்பங்களில் இன்று என்ன பேச்சு? முகத்துவாரம் மணல் மூடுகிறது. கடல்நீர் உள்ளே வராவிட்டால் இறாலும் இல்லை, நண்டும் இல்லை. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளியில் துறைமுகம். அந்தத் துறைமுகத்தை மேலும் விரிக்க அதானி கம்பெனி முயன்றபோது 2021ல் இந்தக் குப்பங்கள் எதிர்த்து எழுந்தன. வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற உத்தரவு வேறு.

இந்த நெருக்கடியில் ஒரு மீனவத் தாய் என்ன நினைப்பார்? “நம்மோடு போகட்டும் இந்த வலை. பிள்ளையாவது நாலு எழுத்து இங்கிலீஷ் படித்துக் கரையேறட்டும்” என்றுதான் நினைப்பார். இறால் விற்ற காசையும், மகளிர் குழுவில் எடுத்த கடனையும், அடகு வைத்த தோட்டையும் கொண்டுபோய் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் கட்டுகிறார். அந்த ஆசையில் குற்றமில்லை. இங்கிலீஷ் தெரிந்தவனுக்கே உத்தியோகம் என்று ஆக்கி வைத்த சமுதாய அமைப்பில்தான் குற்றம். அந்த ஆசையை மூலதனமாக்கி லாபவேட்டை ஆடுகிறவர்களிடம்தான் குற்றம்.

“மிஸ்” படும் பாடு

இந்தக் குப்பங்களில் பட்டம் வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். தாய் மீன்கூடை சுமந்து படிக்க வைத்த பெண்கள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்து, பி.எட். முடித்து, சர்க்கார் வேலைக்குத் தகுதித் தேர்வு எழுதிக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் வயிறு பசிக்காமல் இருக்குமா? சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள பொன்னேரிக்கும், அதற்கு அப்பாலும் பஸ் ஏறித் தனியார் பள்ளிகளில் “மிஸ்” ஆகிறார்கள். ஏரிக்குள் தீவாக நிற்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் படகும் ஏற வேண்டும்.

தனியார் பள்ளிகள் பலவற்றில் நடப்பது என்ன? நியமன உத்தரவு கிடையாது. பட்டச் சான்றிதழின் அசலைத் தாளாளர் வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொள்வார். நடுவில் போக நினைத்தால் சான்றிதழ் வராது. பதிவேட்டில் கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் கிடைப்பது வேறு தொகை. வங்கியில் போட்டால் போட்ட பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வந்து ஆபீஸில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சம்பளமோ, ஒரு சித்தாள் மாதம் முழுவதும் வேலை செய்தால் பெறும் கூலிக்குக்கூடப் பல இடங்களில் எட்டாது.

வேலை பாடம் நடத்துவதோடு முடிவதில்லை. காலையில் வேனில் ஏறிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். மாலையில் இறக்க வேண்டும். கட்டுக்கட்டாக நோட்டுகளை வீட்டுக்குச் சுமந்து போய் இரவில் திருத்த வேண்டும். வகுப்பில் நாற்காலி போடமாட்டார்கள். உட்கார்ந்தால் பாடம் நடக்காதாம்! கோடை விடுமுறையில் வெயிலில் வீடு வீடாகப் போய் அடுத்த வருஷத்துக்குப் பிள்ளை பிடித்துக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் ஜூனில் வேலை நிச்சயமில்லை. கல்யாணம் என்றால் முகச்சுளிப்பு. கர்ப்பம் என்றால் “ராஜினாமா எழுதிக் கொடும்மா, அப்புறம் பார்க்கலாம்”.

மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையங்களில் இன்னொரு வகைச் சுரண்டல். அங்கே மணிக்கணக்குக் கூலி. இரண்டு மணி நேரப் பாடத்துக்கு இரண்டு மணி நேரப் பிரயாணம், பிரயாணத்துக்குக் காசில்லை. ஆள் குறைந்தால் வகுப்பு ரத்து. வகுப்பு ரத்தானால் கூலியும் ரத்து.

மே மாதம் எங்கே போயிற்று?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போதாதுதான், என்றாலும் அந்த நாட்களுக்கென்று மீனவக் குடும்பத்துக்கு சர்க்கார் ஒரு நிவாரணத் தொகை தருகிறது. அதுவும் போராடிப் பெற்றதே. அதே வீட்டில், அதே மே மாதத்தில், மகளுக்குப் பள்ளியிலிருந்து சல்லிக்காசு கிடையாது. “வேலை இல்லை, சம்பளமும் இல்லை” என்கிறது நிர்வாகம். பெற்றோரிடமிருந்து கட்டணத்தை மட்டும் முழு வருஷத்துக்கு வசூலிக்கிறது!

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு 2021 செப்டம்பர் 1லும், கீழ்வகுப்புகளுக்கு நவம்பர் 1லும்தான் முறையாகத் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளி ஆசிரியர்கள் பாதிச் சம்பளத்துக்கும் வெறுங்கைக்கும் தள்ளப்பட்டு, காய்கறி விற்கவும், கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகவும் நேர்ந்ததை நாடே பார்த்தது. நூறு நாள் வேலையில் மண் வெட்டியபோது அவர் தொழிலாளி. மறுபடி வகுப்பில் சாக்பீஸைக் கையில் எடுத்ததும் தொழிலாளி அல்லவாம்! இது என்ன விசித்திர நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது?

கோவாவில் சுந்தராம்பாள் என்ற ஆசிரியை தனியார் பள்ளியிலிருந்து வேலை நீக்கம் செய்யப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1988ல் தீர்ப்பு வந்தது: பள்ளிக்கூடம் தொழில் ஸ்தாபனம்தான்; ஆனால் ஆசிரியர் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளி அல்ல. கற்பிப்பது உன்னதமான பணியாம். உடலுழைப்போ, குமாஸ்தா வேலையோ, தொழில்நுட்ப வேலையோ அல்லவாம். 1996ல் ஹரியானா வழக்கு ஒன்றில், குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று முடிவாயிற்று.

உன்னதம் என்று சொல்லியே உரிமையைப் பறித்துவிட்டார்கள். மாலையைக் கழுத்தில் போட்டுச் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போவது போன்ற காரியம் இது.

மோடி அரசு 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21ல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதில் தொழில் உறவுத் தொகுப்பு, தொழிலாளி யார் என்று விளக்கும்போது பத்திரிகையாளரையும் மருந்து விற்பனைப் பிரதிநிதி போன்றோரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆசிரியரின் பெயரை மட்டும் காணோம்!

ஆனால் நீதிமன்றத் தீர்ப்பே இறுதி என்று சோர்ந்துவிட வேண்டாம். மில் தொழிலாளர்கள் தங்கள் சரித்திரத்தையே திரும்பிப் பார்க்கட்டும். 1918ல் பின்னி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். 1920ல் கம்பெனி வாடியா முதலிய தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் நின்று தடையுத்தரவு போட்டது. சங்கம் அழிந்ததா? கிளர்ச்சி வளர்ந்தது, 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகள் தஞ்சையை நினைக்கட்டும். பண்ணையாளுக்கு உரிமை என்ற பேச்சே இல்லாதிருந்த மண்ணில், செங்கொடியின் கீழ் திரண்ட போராட்டத்துக்குப் பின்னரே 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஆசிரியர்களின் சொந்த அனுபவமும் இதுவே. 2004ல் பணிக்கொடை ஆசிரியருக்கு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நிர்ப்பந்தத்தின் பேரில் 2009ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே பொருந்தும் என்றது. தனியார் பள்ளி முதலாளிகள் மறுபடி வழக்காடினார்கள், 2022ல் தோற்றார்கள். 2010ல் தமிழ்நாடு சர்க்கார் ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் தனியார் கல்விக்கூடங்களுக்கும் நீட்டியது. அதையும் எதிர்த்தார்கள், 2020ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வில் அதிலும் தோற்றார்கள். வருங்கால வைப்பு நிதியோ 1982லேயே கல்விக்கூடங்களுக்கு வந்துவிட்டது. காகிதத்தில் இருக்கும் இந்த உரிமைகள் எத்தனை “மிஸ்”களுக்குக் கையில் கிடைத்திருக்கின்றன? சங்கம் இல்லாத இடத்தில் சட்டம் அலமாரியில் தூங்கும்.

ஒரே கணக்கில் இரட்டைக் கொள்ளை

“ஆசிரியைகளுக்குச் சம்பளம் கூட்டினால் கட்டணத்தையும் கூட்டுவார்களே!” என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். நிர்வாகங்களும் இந்தப் பயத்தைத்தான் ஊதி வளர்க்கின்றன. இதை நிதானமாகப் பார்ப்போம்.

தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2009ல் சட்டம் வந்தது. நீதிபதி கோவிந்தராஜன் கமிட்டி 2010ல் பள்ளி வாரியாகக் கட்டணம் நிர்ணயித்தது. பள்ளி இருக்கும் இடம், கட்டட வசதி, நிர்வாகம் மற்றும் பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்கான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்தே கட்டணம் தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு பள்ளியின் செலவில் பெரும்பங்கு எது? சம்பளம்தான்.

இப்பொழுது முடிச்சு அவிழ்கிறதா? ஏட்டில் பெரிய சம்பளம் காட்டினால் பெரிய கட்டணம் கேட்கலாம். கையில் சிறிய சம்பளம் கொடுத்தால் மிச்சம் பையில் விழும். அதாவது, ஆசிரியைக்குக் கொடுக்காத சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் மீனவத் தாய் பணம் கட்டுகிறார்! அவர் கட்டிய பணம் அவர் மகளுக்கே போய்ச் சேரவில்லை. நடுவில் மறிப்பவன் யார் என்று கேட்க வேண்டிய தாயும் மகளும், ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தரகன் சிரிக்கிறான்.

ஏலக்கூடத்தில் இறாலைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்னையில் கூடுதல் விலைக்கு விற்கும் வியாபாரியை மீனவருக்கு நன்றாகத் தெரியும். இங்கேயும் அதே ஆள்தான். கூடை மட்டும் வேறு.

கேரளம் காட்டிய வழி

இது புதுக் கதையல்ல. கேரளத்தில் பள்ளி மானேஜர்கள் ஒரு காலத்தில் ஆசிரியரின் சம்பளத்தில் கைவைத்து வயிறு வளர்த்தார்கள். ஆசிரியராக இருந்து எழுத்தாளரான காரூர் நீலகண்ட பிள்ளை, பசி தாங்காமல் மாணவனின் பொதிச்சோற்றை எடுத்துத் தின்றுவிடும் வாத்தியாரைப் பற்றிக் கதை எழுதும் அளவுக்கு நிலைமை இருந்தது.

1957 ஏப்ரல் 5ல் தோழர் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை அமைந்தது. கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் மானேஜர் கைவழியாக அல்ல, சர்க்கார் கஜானாவிலிருந்தே நேராகப் போகும் என்றார். மானேஜர்கள் கொதித்தார்கள், சாதித் தலைவர்களும் மதத் தலைவர்களும் கைகோத்துத் தெருவில் இறங்கினார்கள். 1959 ஜூலை 31ல் நேரு சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்தது. மந்திரிசபை போயிற்று, ஆனால் ஆசிரியருக்கு நேரடிச் சம்பளம் என்ற கொள்கையை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை. கேரளத்தின் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் இன்றும் சர்க்காரிடமிருந்தே சம்பளம் பெறுகிறார்கள்.

இன்றைய இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் சர்க்கார் உதவி பெறாதவை. ஆகவே அதே வழி அப்படியே பொருந்தாது. ஆனால் பாடம் பொருந்தும்: சம்பளம் முதலாளியின் தயவில் இருக்கும் வரை ஆசிரியருக்கு மானம் இல்லை.

வெள்ளைத்தோலுக்கும் விதிவிலக்கில்லை

இங்கிலீஷைச் சரக்காக்கி விற்கும் வியாபாரம் உலகம் முழுவதும் நடக்கிறது. சோவியத் யூனியன் 1991ல் கலைக்கப்பட்ட பின் மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் தனியார் இங்கிலீஷ் பள்ளிகள் கடைகள் போல் முளைத்தன. அங்கே கற்பிக்கப் போகும் அந்நியருக்கு விசா கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் தங்கும் உரிமையும் ஆட்டம் கண்டுவிடும்.

ஜப்பானில் நோவா என்ற கம்பெனி நாட்டிலேயே மிகப் பெரிய இங்கிலீஷ் பள்ளிச் சங்கிலியாக இருந்தது. 2007 அக்டோபரில் அது திவாலாகியது. சுமார் 4,000 அந்நிய ஆசிரியர்கள் சம்பளமின்றி நடுத்தெருவில் நின்றார்கள். அவர்கள் சம்பளத்தில் வீட்டு வாடகையைப் பிடித்துக்கொண்ட கம்பெனி அதை வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டதால் பலர் வீட்டையும் இழக்கும் நிலை வந்தது. முன்பணம் கட்டிய லட்சக்கணக்கான மாணவர்களும் ஏமாந்தார்கள். கம்பெனித் தலைவர் பின்னர் ஊழியர் நிதியைத் திருப்பிவிட்ட குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். ஆசிரியருக்குக் கைகொடுத்தது யார்? தொழிற்சங்கம்தான். சாப்பாட்டுக்கு வழியின்றி நின்றவர்களைப் பழைய மாணவர்களோடு சேர்த்துவைத்து, பாடம் சொல்லிக் கொடுத்துச் சோறு பெற ஏற்பாடு செய்தது சங்கம்.

லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் போன வெள்ளை ஆசிரியருக்கே இந்தக் கதி என்றால், கூனங்குப்பத்துப் பெண்ணைத் தனியாகவா மிச்சம் வைப்பார்கள்? இங்கிலீஷ் தெரிந்தால் சுரண்டலிலிருந்து தப்பலாம் என்பது பொய். கூலிக்கு உழைப்பவருக்கு எந்த மொழி தெரிந்தாலும் பாதுகாப்பு ஒன்றே: சங்கம்.

நிர்வாகங்களின் சாக்கு

“கட்டணம் பாக்கி நிற்கிறது, கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதம் சேர்த்த பிள்ளைகளுக்கு சர்க்கார் பணம் தாமதமாகிறது” என்று சிறு பள்ளி நடத்துகிறவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. மும்மொழித் திட்டத்தை விழுங்கச் சொல்லி, 2024-25ல் ஒன்றிய சர்க்கார் தமிழ்நாட்டுக்குரிய கல்வி நிதியைத் தடுத்துவைத்தது. அதைக் கண்டித்து நாம் போராடுகிறோம். ஆனால் அந்தப் பாக்கியின் பாரத்தை ஆசிரியையின் வயிற்றில் இறக்குவது எந்த ஊர் நியாயம்? நஷ்டம் என்கிறவர்கள் கணக்கைப் பகிரங்கமாக விரித்துக் காட்டட்டும். பள்ளியில் நஷ்டம், வருஷா வருஷம் புதுக் கட்டடம், புது வேன் என்றால் அந்த நஷ்டத்தை நாமும் கொஞ்சம் பார்க்க ஆசைப்படுகிறோம்!

ஏரிக்குப் பாடு, பள்ளிக்கு?

பழவேற்காட்டு மீனவரிடம் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. வலுத்தவன் மொத்தமும் அள்ளிப் போகாமல் இருக்க முன்னோர் வகுத்த கட்டு அது. பாட்டில் இடமே கொடுக்கப்படாத சாதியாரும் அங்கே உண்டு. அந்த அநீதியை நாம் மறைக்கவில்லை, அதுவும் தீர வேண்டும். ஆனால் விதி இல்லாத இடத்தில் வலுத்தவனே விதி என்பதை ஏரிக்கரைக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஏரிக்கே விதி வேண்டுமென்றால், பிள்ளைகளின் கல்விக்கும் அதைத் தருபவரின் கூலிக்கும் விதி வேண்டாமா?

ஆகவே நாம் கோருவது:

1. ஆசிரியரும் தொழிலாளியே என்று தொழிலாளர் சட்டங்களில் வெளிப்படையாக எழுத வேண்டும்.
2. தனியார் பள்ளிகளுக்கும் மொழிப் பயிற்சி நிலையங்களுக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தமிழ்நாடு அரசு நிர்ணயிக்க வேண்டும். அது வங்கி வழியாகவே, 12 மாதத்துக்கும் தரப்பட வேண்டும்.
3. நியமன உத்தரவு கட்டாயம். அசல் சான்றிதழைப் பிடித்துவைப்பது குற்றம் என்று நடவடிக்கை எடுக்க வேண்டும்.
4. வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை, சம்பளத்துடன் பிரசவ விடுப்பு ஆகியவை அமலாகின்றனவா என்று ஒவ்வொரு பள்ளியிலும் சோதிக்க வேண்டும்.
5. கட்டணம் நிர்ணயிக்கக் கொடுக்கும் சம்பளக் கணக்கைப் பெற்றோரும் ஆசிரியரும் பார்க்கும்படி பள்ளிப் பலகையில் ஒட்ட வேண்டும்.
6. குப்பங்களின் சர்க்கார் பள்ளிகளில் காலியிடங்களை நிரப்பி, தாய்மொழியோடு நல்ல இங்கிலீஷும் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

ஆறாவது கோரிக்கையே எல்லாவற்றுக்கும் வேர். சர்க்கார் பள்ளி பலமாக இருந்தால் எந்தத் தாயும் தோட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. எந்தப் பட்டதாரிப் பெண்ணும் சான்றிதழை அடகு வைக்க வேண்டியதில்லை.

மில் தொழிலாளித் தோழர்களே! விவசாயத் தோழர்களே! உங்கள் பிள்ளையின் “மிஸ்”ஸிடம் அடுத்த முறை மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். “உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு அம்மா? மே மாதம் தருகிறார்களா?” என்றும் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அதை உரக்கக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஆசிரியையின் வேலை போகும்; நூறு பெற்றோர் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியே தீர வேண்டும்.

ஆசிரியைகளே! நீங்கள் தொழிலாளி என்று சொல்லிக்கொள்வதில் இழிவில்லை. இந்த உலகத்தைத் தாங்கி நிற்பவர்களின் பெயர் அது. சங்கத்துக்கு வாருங்கள். வலை இழுக்கும் கையும், தறி ஓட்டும் கையும், ஏர் பிடிக்கும் கையும், சாக்பீஸ் பிடிக்கும் கையும் ஒன்று சேரட்டும். சேர்ந்த கைகளுக்குக் கூலியை மறுக்க எவராலும் ஆகாது!